மாப்பிள்ளை ஏறிய வண்டி

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் அடையாற்றில், பாலத்துக்குத் தெற்கே ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நானும் என் கணவரும் அவருடைய அக்காவும். கணவருக்குத் தியாகராய நகரில் பாத்திரக்கடை. அக்காவை நான் எங்கள் திருநெல்வேலிப் பக்க வழக்கப்படி மைனி என்று கூப்பிடுவேன். தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒருநாள் காலை ஒரு தகரப் பெட்டியோடு எழும்பூரில் ரயிலைவிட்டு இறங்கி, நேரே தம்பி வீட்டுக்கு வந்தவர்தான். அதற்குப் பிறகு போகவில்லை. ஏன் வந்தார் என்று அவர் சொன்னதுமில்லை, நாங்கள் கேட்டதுமில்லை. அக்கம்பக்கத்தில் யாராவது விசாரித்தால், "மாமா ஊர்ல யாபாரம் பாக்காக, மைனி தம்பிக்கு ஒத்தாசையா வந்திருக்காக" என்று சொல்ல வேண்டும் என்பது கணவர் சொல்லிவைத்த ஏற்பாடு. நானும் அப்படியே சொல்லிவந்தேன்.

கடை நன்றாக நடந்த ஒரு வருஷம், கோபாலபுரத்தில் வீட்டைக் காலி செய்துகொண்டு போன ஒருவரிடமிருந்து கணவர் ஒரு சின்னக் காரை வாங்கினார். வெளிர் பச்சை நிறம். முன்னால் இரண்டு பேர் தாராளமாகவும் பின்னால் மூன்று பேர் நெருக்கியும் உட்காரலாம். வாங்கினாரே தவிர அவருக்கு ஓட்ட வரவில்லை. கிளட்சைக் கண்டால் பயம். ஒரு தடவை கடைத்தெருவில் பூக்காரியின் தட்டில் இடித்து, அவளிடம் வாங்கிய பேச்சில் சாவியைக் கொண்டுவந்து ஆணியில் மாட்டிவிட்டார். கார் வாசலில் நின்று வேப்பம்பூவை வாங்கிக்கொண்டிருந்தது. மைனி ஒருநாள், "சும்மா நிக்கத வேஸ்ட்டாக்காத, நான் படிச்சுக்கிடுதேன்" என்றார். தம்பி வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. மைனி மந்தைவெளியில் ஒருவரிடம் போய்க் கற்றுக்கொண்டு லைசென்ஸும் வாங்கிவிட்டார். பிறகு தினமும் காலையில் தம்பியைக் கடையில் இறக்கிவிட்டு வருவார். தெருவில் ஆரம்பத்தில் பார்த்தார்கள். அப்புறம் பார்க்கவில்லை.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் நடந்தால் ஆறு. கோடையில் காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் ஜன்னலைச் சாத்திவிடுவோம். மழை முடிந்து மார்கழி தையில் மட்டும் அது நிறைந்து, சேறு கலங்கலாக, மெதுவாக நகரும். தாமிரபரணியில் குளித்து வளர்ந்த மைனிக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது. "இதையும் ஆறுன்னு சொல்லுதாங்களே" என்பார். அந்த வருஷம் மழை நல்ல மழை. பொங்கல் கழிந்து ஒரு நாள் மாடியில் துணி காயப்போடும்போது ஆற்றையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, இது எங்கிருந்துதான் வருது?"

எனக்குத் தெரியவில்லை. மேற்கே எங்கேயோ ஏரியிலிருந்து வருகிறது என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன்.

"ஞாயித்துக்கிழமை போய்ப் பாத்துட்டு வருவோமா? கரையோரமாவே ரோடு இருக்கும்லா."

ஞாயிறு கடை விடுமுறை. கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத் தூங்குவார். விஷயத்தைச் சொன்னதும், "ஆத்தப் பாக்க எதுக்குக் காரு? மாடியில ஏறுனா தெரியுது" என்றார். பிறகு, "மதியச் சாப்பாட்டுக்குள்ள வந்திருங்க" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

விடிந்து கொஞ்ச நேரத்திலேயே புறப்பட்டோம். இட்லியை மிளகாய்ப்பொடி தடவி வாழை இலையில் கட்டிக்கொண்டோம். ஒரு கூஜாவில் தண்ணீர். சைதாப்பேட்டையில் பெட்ரோல் போட்டோம். பாலத்தின் மேல் போகும்போது கீழே சலவைக்காரர்கள் ஏற்கனவே இறங்கிவிட்டிருந்தார்கள். கரை முழுக்க வேட்டியும் விரிப்புமாக வெள்ளையாக இருந்தது. கிண்டி தாண்டி நந்தம்பாக்கத்தில் இடதுபக்கம் திரும்பிக் கொஞ்ச தூரம் போனதும் தார் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் செம்மண் சாலைதான்.

இப்போது அந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். மணப்பாக்கம் அப்போது கிராமம். சாலை ஆற்றுக்குப் பக்கத்தில் வரும், பிறகு ஏதோ ஒரு வயலுக்காகவோ தோப்புக்காகவோ விலகிப்போகும், மறுபடி வளைந்து ஆற்றிடமே வந்துவிடும். ஒரு வளைவில் செங்கல் சூளை புகைந்துகொண்டிருக்கும். அடுத்த வளைவில் நாற்று நட்ட வயல், பனைமரங்கள், அதற்குப் பின்னால் ஆறு. தண்ணீர் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற தண்ணீர் மாதிரியே இல்லை. அடியில் மணல் தெரிந்தது. மைனி வண்டியை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தார். திரும்ப வந்து ஏறி, முதல் கியரைப் போட்டார்.

கொளப்பாக்கம் பக்கத்தில் எங்கள் தலைக்கு மேலேயே ஒரு விமானம் இறங்கியது. மீனம்பாக்கம் ஓடுபாதை ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வண்டியே நடுங்கியது. வயலில் நின்றிருந்த எருமைகள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. களை பறித்துக்கொண்டிருந்த பெண்கள்தான் நிமிர்ந்தார்கள். அதுவும் விமானத்துக்காக அல்ல, எங்களுக்காக. அவர்களில் ஒருத்தியிடம் மைனி, "இந்த ரோடு ஆத்தோரமாவே போகுமா?" என்று கேட்டார்.

"எந்த ஊருக்குப் போவணும்?"

"ஊருக்கு இல்ல. ஆத்தப் பாக்கத்தான் வந்தோம்."

"ஆத்தப் பாக்கவா மெட்ராஸ்லருந்து காரு போட்டுக்கினு வந்தீங்கோ?" என்று அவள் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு அவளே கையைக் காட்டி, கொஞ்ச தூரத்தில் தரைப்பாலம் வரும், அதைத் தாண்டினால் அனகாபுத்தூர், அங்கேயிருந்து மேற்கே போனால் ஆறு கூடவே வரும் என்று சொன்னாள்.

தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் சன்னமாக வழிந்துகொண்டிருந்தது. சக்கரம் மட்டும் நனைந்தது. அனகாபுத்தூரில் தெருவோடு நெடுகத் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கட்டியிருந்தார்கள். பச்சையும் மஞ்சளுமாக நூல். இரண்டு பேர் தூரிகையால் அதற்குக் கஞ்சி போட்டுக்கொண்டே நடந்தார்கள். அந்தத் தெருவில் கார் போக முடியாது. சுற்றிக்கொண்டு போனோம். ஊரைத் தாண்டி ஒரு புளியமரத்தடியில் இட்லியைச் சாப்பிட்டோம். மைனி அன்று நிறையப் பேசினார். சின்ன வயதில் ஆற்றில் இக்கரையிலிருந்து அக்கரைக்கு நீந்திப்போய் வந்து அடிவாங்கியது, எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியது, இப்படி. தூத்துக்குடி பற்றி எதுவும் வரவில்லை.

அங்கேயிருந்து ஒரு மைல் போயிருப்போம். ஒரு வளைவு திரும்பியதும் சாலையோரத்தில் ஒரு பழைய வேன், முன்பக்கம் வாய்க்காலில் இறங்கி நின்றது. சக்கரம் கோணிக்கொண்டிருந்தது. சுற்றி முப்பது நாற்பது பேர். எல்லோரும் புதுத்துணியில். நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை உறையோடு தோளில் சாய்த்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். பெண்கள் கையில் சீர்த் தட்டுகள். நடுவில் பட்டு வேட்டியும் மாலையும் தலைப்பாகையுமாக ஒரு பையன். மாப்பிள்ளை என்று பார்த்த உடனே தெரிந்தது. இருபத்தைந்து வயதிருக்கலாம். கிண்டியில் ஏதோ தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தான் என்று பிறகு தெரிந்தது.

காரைப் பார்த்ததும் ஓடிவந்து மறித்துக்கொண்டார்கள். முன்னால் வந்தது ஒரு அம்மாள். நல்ல உயரம், பெரிய குங்குமம், கழுத்து நிறைய நகை. மாப்பிள்ளையின் அத்தை. வண்டிக்குள் எட்டிப் பார்த்து, "டிரைவரு எங்க கீறாரு?" என்றாள்.

"நான்தான் டிரைவர்" என்றார் மைனி.

அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

விஷயம் இதுதான். குன்றத்தூர் முருகன் கோயிலில் கல்யாணம். பெண் வீட்டார் முந்தின நாளே போய்விட்டார்கள். முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. மாட்டுவண்டி கட்டிக்கொண்டு போனால் வேலைக்காகாது. பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

"மாப்பிள்ளையையும் தாலியையும் மட்டும் கொண்டுபோய்ச் சேத்துட்டீங்கன்னா போதும் தாயீ. மத்தவங்க எப்படியாவது வந்துடுவோம்."

"ஏறச் சொல்லுங்க" என்றார் மைனி.

அடுத்து, யார் ஏறுவது என்பதில் சண்டை. அத்தை தானே ஏறுவதாகச் சொல்லித் தாலித் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். மாப்பிள்ளை, "எங்கம்மா ஏறட்டும் மொதல்ல" என்றான். அப்போதுதான் கூட்டத்துக்குப் பின்னால் நின்ற ஒரு மெலிந்த பெண்ணைப் பார்த்தேன். நெற்றியில் ஒன்றுமில்லை. கழுத்தில் ஒன்றுமில்லை. சாயம் போன நூல்சேலை, ஆனால் துவைத்து மடிப்பு கலையாதது.

"அவ பின்னால வருவா. நல்ல காரியத்துக்கு மொதல்ல போறப்ப..." என்று அத்தை இழுத்தாள்.

"அம்மா ஏறினாத்தான் நான் ஏறுவேன்."

அத்தை நகர்ந்து வழிவிட்டாள். நேரம் போய்க்கொண்டிருந்தது. பின்னால் ஒரு ஜன்னலோரம் அத்தை, மறு ஜன்னலோரம் அந்த அம்மா, நடுவில் மாலை கசங்காமல் கைகளை முன்னால் நீட்டியபடி மாப்பிள்ளை. வண்டி முழுக்க மல்லிகையும் சந்தனமும் மணத்தது.

சாலை ஆற்றோடு ஒட்டி வளைந்துகொண்டே போனது. மைனி ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்தார். பிறகு அத்தைக்குப் பேச்சு வந்துவிட்டது. முதலில் என்னிடம் ஆரம்பித்தாள். என்ன தொழில், எந்த ஊர், எத்தனை பிள்ளைகள். இன்னும் இல்லை என்றேன். "பொறக்கும், குன்றத்தூரானை வேண்டிக்க" என்றாள். பிறகு முன்னால் குனிந்து மைனியிடம், "நல்லா ஓட்டறியே தாயீ. வூட்டுக்காரரு கத்துக் குடுத்தாரா? அவரு இன்னா பண்றாரு?" என்று கேட்டாள்.

வழக்கமான பதில் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஊரில் வியாபாரம் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"அவரோட நான் இல்ல" என்றார் மைனி, சாலையைப் பார்த்தபடி. "விட்டுட்டு வந்துட்டேன்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். எந்த மாற்றமும் இல்லை. ஒரு மாட்டுவண்டிக்கு வழிவிட ஓரம் கட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாது?" என்றாள் அத்தை.

"அடிப்பாரு. பொறுத்துப் பாத்தேன். அப்புறம் வந்துட்டேன்."

எனக்கே அன்றுதான் தெரியும். ஒரே வீட்டில் இருந்து, ஒரே அடுப்பில் சமைத்து, எனக்குத் தெரியாது.

"வண்டிய நிறுத்துமா" என்றாள் அத்தை.

மைனி நிறுத்தினார்.

"தப்பா நெனைச்சுக்காத. உன்னை ஒண்ணும் சொல்லல. புள்ளை தாலி கட்டப் போறான். அவனை இட்டுக்கினு போற கையி..." என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறக்கப் பிடியைத் தேடினாள். அது அவளுக்குக் கிடைக்கவில்லை.

"எறங்கி இன்னா பண்ணப் போற அத்தை?" என்றான் மாப்பிள்ளை. "நடந்தா போவ?"

"வேற வண்டி வராமலா போயிடும்?"

இரண்டு பக்கமும் பார்த்தோம். ஒரு பக்கம் ஆறு. இன்னொரு பக்கம் வயல். ஒரு ஆள்கூட இல்லை.

அதுவரை ஒரு வார்த்தை பேசாத மாப்பிள்ளையின் அம்மா வாயைத் திறந்தாள். சத்தமே வராத குரல். "அண்ணீ, என்னையும் ஏத்திக்கினுதானே வந்தீங்க. நான் ஒக்காந்துக்கினு வர்ற வண்டிய அவங்க ஓட்டினா இன்னா ஆயிடப் போவுது?" என்றாள். பிறகு மைனியிடம், "நீ எடும்மா" என்றாள்.

மைனி எடுத்தார். அத்தை தாலித் தட்டை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த பிரச்சினை ஆறு. குன்றத்தூருக்கு ஆற்றை மறுபடி தாண்ட வேண்டும். அங்கேயும் தரைப்பாலம்தான். ஆனால் இங்கே பாலம் கண்ணுக்கே தெரியவில்லை. இந்தக் கரையில் சாலை தண்ணீருக்குள் இறங்கியது, அந்தக் கரையில் ஏறியது. நடுவில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. கரையில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒருவர், மேலே ஏரியில் காலையில் மதகைத் தூக்கிவிட்டார்கள் என்றார். "பஸ்ஸு போவும். இந்த டப்பா போவுமான்னு தெரியல. ஓரம் பாத்துப் போங்க, எறங்கினா பள்ளம்."

மாப்பிள்ளை இறங்கப் போனான். "நீ இருப்பா, வேட்டி நனைஞ்சிரும்" என்று மைனி தடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஏட்டி, நீ முன்னால நடக்கியா? காலால தடவி ஓரத்தப் பாத்துச் சொல்லு. நான் ஒன் பின்னாலயே வாரேன்."

எனக்கு நீச்சல் தெரியாது. அதை அப்போது சொல்லவில்லை. செருப்பைக் கழற்றி வண்டியில் போட்டுவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் சில்லென்று இருந்தது. முதலில் கணுக்கால், நடுவில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே. இழுப்பு இருந்தது, ஆனால் நிற்க முடிந்தது. காலுக்கடியில் சிமெண்டு வழவழவென்று இருந்தது. அது முடிகிற ஓரத்தை வலது கால் பெருவிரலால் தடவிக்கொண்டே போனேன். பின்னால் இன்ஜின் சத்தம் தணியாமல் உறுமிக்கொண்டே வந்தது. நடுவில் ஒரு தடவை இருமியது. நான் திரும்பிப் பார்த்தேன்.

"நிக்காத, நட! நின்னா நானும் நிக்கணும்!" என்று மைனி கத்தினார்.

நடந்தேன். பின்சீட்டில் அத்தை முருகனை உரக்கக் கூப்பிட்டுக்கொண்டே வந்தது முன்னால் நடந்த எனக்குக்கூடக் கேட்டது. அக்கரையில் ஏறிச் சேலையைப் பிழிந்தேன். மாடு குளிப்பாட்டியவர் அந்தக் கரையிலிருந்து கையைத் தூக்கி ஆட்டினார்.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். மலையடிவாரத்தில் பெண் வீட்டார் வந்து நின்றிருந்தார்கள். மாப்பிள்ளை படியேறும்போது தன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே ஏறினான். மைனி வண்டியைத் திருப்பிக்கொண்டு, மீதியுள்ள முக்கியமான ஆட்களைக் கூட்டிவரப் போனார். இரண்டு தடவை போய்வந்தார். பெண் வீட்டுப் பையன் ஒருவன் தண்ணீரில் முன்னால் நடந்தானாம். கடைசித் தடவை வரும்போது மேலே கூரையில் தவிலைக் கட்டி, உள்ளே நாதஸ்வரக்காரர் வாத்தியத்தைக் குறுக்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர்கள் ஏறி வருவதற்குள் தாலி கட்டி முடிந்துவிட்டது. மேளம் சாப்பாட்டுக்குத்தான் வாசித்தது.

நான் ஈரச்சேலையோடு மண்டபத்தூணில் சாய்ந்து தாலி கட்டுவதைப் பார்த்தேன். மாப்பிள்ளையின் அம்மா எல்லோருக்கும் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். அட்சதை போடும்போது அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை. என் கையில் இருந்ததில் பாதியைக் கொடுத்தேன்.

அடிவாரச் சத்திரத்தில் சாப்பிட உட்காரவைத்தார்கள். சாம்பார், வத்தக்குழம்பு, வடை, பாயசம். மைனிக்கு நல்ல பசி. இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். புறப்படும்போது அத்தை வந்தாள். எனக்குக் குங்குமம் கொடுத்து, தாம்பூலப் பையில் தேங்காயும் பழமும் போட்டுத் தந்தாள். மைனி பக்கத்திலேயே சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அத்தை அவரைப் பார்த்தாள், குங்குமச் சிமிழைப் பார்த்தாள், பிறகு என் பையிலேயே இன்னொரு தேங்காயைப் போட்டு, "அந்த அம்மாவுக்கும் சேத்து" என்றாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் கார்வரை வந்து இரண்டு பேர் காலிலும் விழுந்தார்கள். மைனி சட்டென்று பின்னால் நகர்ந்துகொண்டார். "நல்லாருங்க" என்று மட்டும் சொன்னார்.

ஆறு தொடங்குகிற இடத்தைப் பார்க்க அன்று நேரமில்லை. ஆற்று வழியாகத் திரும்பவும் தெம்பில்லை. பூந்தமல்லி சுற்றித் தார் ரோட்டில் வந்தோம். பிரேக் ஈரத்தில் பிடிக்காமல் மைனி மெதுவாகவே ஓட்டினார். போரூர் தாண்டியதும் நான் கேட்டேன்.

"எங்ககிட்டகூடச் சொல்லலையே மைனி. அந்த அம்மாகிட்ட எப்படிச் சொன்னீங்க?"

"வளைவுல்லா ஏட்டி அது" என்றார். "வண்டியப் பாக்கவா, பொய்ய யோசிக்கவா?"

கொஞ்ச தூரம் போய், "கேட்டிருந்தா ஒங்கிட்டயும் சொல்லியிருப்பேன்" என்றார். அது உண்மையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு நான் நிறையக் கேட்டேன். அவரும் சொன்னார். கிண்டி வருவதற்குள் தூத்துக்குடி வீட்டின் அறைகள்கூட எனக்குத் தெரிந்துவிட்டன.

வீட்டுக்கு வந்தபோது சாயங்காலம். கணவர் வாசலில் நின்றிருந்தார். மதியம் பழைய சோற்றைத் தயிர் விட்டுச் சாப்பிட்டிருக்கிறார். கோபமாகத்தான் ஆரம்பித்தார். நான் நடந்ததை வரிசையாகச் சொன்னேன். மைனி சொன்ன வார்த்தையையும் சொன்னேன். அவர் அக்காவைப் பார்க்கவில்லை. காரைச் சுற்றிப்போய், குனிந்து, அடியில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தார்.

"அடிப்பாருன்னு எங்கிட்டச் சொன்னா என்னக்கா?" என்றார் குனிந்தபடியே.

"சொல்லி என்ன செய்வ? போய்ச் சண்டை போடுவ. ஒனக்கு அடிக்கத் தெரியாது, அடிவாங்கிட்டு வருவ."

அவர் நிமிரவில்லை. சேற்றை விரலால் சுரண்டியபடி, "உள்ள தண்ணி போச்சா?" என்று கேட்டார்.

"காலடியில கொஞ்சம். தொடச்சாச்சு."

மறுநாள் காலை அடுத்த வீட்டு மாமி உறைமோருக்கு வந்தாள். மயிலாப்பூரிலிருந்து குடிவந்தவள். எல்லாவற்றையும் விசாரிப்பாள். "நேத்து பூரா ஆத்துல ஆளையே காணுமே. உங்க நாத்தனார் ஆத்துக்காரர் வந்திருந்தாரோன்னு நெனைச்சுண்டேன்" என்றாள்.

"இல்ல மாமி. அவர் வரமாட்டார். அவங்க அவரை விட்டுட்டு வந்தவங்க" என்றேன்.

மாமி கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே மைனி தம்பிக்கு டிபன் கட்டிக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டது.

"அப்படியா" என்றாள். பிறகு, "எனக்கு அப்பவே தோணித்து. கேக்கப்படாதுன்னு இருந்தேன்" என்று சொல்லிவிட்டு மோரை வாங்கிக்கொண்டு போனாள். சில நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அப்புறம் வழக்கம்போல் வந்தாள்.